ஊதுகிறவர் பேர்

1

என் அப்பா உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கோடையில், நான் குடியிருக்கும் அயர்லாந்தின் லிமரிக் நகரத்தில், ஒரே ஒரு தாளில் அவரை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

என் மகள் மதி போய்வந்த கோடைக்கால இசைப் பயிற்சியின் நிறைவு நாள் நிகழ்ச்சி நிரல் அது. பயிற்சி நடந்த பள்ளிக்கூடத்தின் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். இந்த ஊரில் கோடை என்றால் கொஞ்சம் வெதுவெதுப்பான மழை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நர்ஸ் உடுப்போடு அவளைக் கூட்டிப்போக வந்த நான், மழைக்கு ஒதுங்கி நின்றபடி அதைப் படித்தேன். நடுவில் எங்கள் பாட்டு இருந்தது. ‘ஊர்வலப் பாட்டு. தென்னிந்தியப் பாரம்பரிய இசை. இயற்றியவர் அறியப்படவில்லை. இசைக்குழுவுக்காக அமைத்தவர்: ஓர்லா.’

இயற்றியவர் அறியப்படவில்லையாம்! இயற்றியவர் அன்று காலையில்தான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, சுகர் மாத்திரை தீர்ந்துபோனதையும் பக்கத்து வீட்டு ஆடு முருங்கைக் கன்றை மேய்ந்துவிட்டதையும் என்னிடம் சொல்லி முடித்திருந்தார். பேர் கருப்பையா. புதுக்கோட்டைப் பக்கம், அரிமளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊர். பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர். அந்தப் பாட்டை அவர் கட்டியதற்கு நானே சாட்சி. நான் பத்தாவது படிக்கும்போது, பரீட்சை நேரம் பார்த்து, வாசலில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பி ஊதி என் கணக்குப் பாடத்தைக் கெடுத்தார். அந்த எரிச்சல்கூட எனக்கு இன்னும் போகவில்லை.

மதி வந்து காரில் ஏறியதும், “ஏன்டி, தாத்தா பேரு எங்க?” என்று கேட்டேன்.

“அம்மா, ப்ளீஸ். இங்க நின்னு கத்தாத. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் பாக்குறாங்க” என்றாள் அவள், சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி. நான் கத்தவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கத்தினேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்குப் பேண்டு செட் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தங்க நிறக் கயிறு தொங்கும் சிவப்புக் கோட்டு, தொப்பி, கிளாரினெட், டிரம்பெட், சைடு டிரம், பெரிய டிரம். மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, பூச்சொரிதல், சாமி புறப்பாடு, தேர்தலில் ஜெயித்தவரின் ஊர்வலம், பெரிய சாவு. உங்கள் வீட்டு விசேஷத்திலும் ஊதியிருப்பார்கள். ஊதியவர்களில் ஒருவர் பேராவது உங்களுக்குத் தெரியுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்திருக்க வழியில்லை. எந்தத் திருவிழா நோட்டீஸையும் எடுத்துப் பாருங்கள். நாதஸ்வர வித்வான் பேர் பட்டத்தோடு இருக்கும். தவில்காரர் பேர் இருக்கும். பந்தல் யார், மைக் செட் யார், வாணவேடிக்கை யார் உபயம், நீர்மோர் யார் உபயம் எல்லாம் இருக்கும். மோர் ஊற்றுகிறவருக்குக்கூடப் பேர் உண்டு. எல்லாம் முடிந்து, இடம் மிச்சமிருந்தால், ‘மற்றும் பேண்டு வாத்தியம்’ என்று ஒரு வரி. அந்த ‘மற்றும்’தான் என் அப்பா.

ஏன் பேர் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதிதான். பேரைப் போட்டால் எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும். அந்தத் தெருக்காரர் பேரும் கமிட்டித் தலைவர் பேரும் ஒரே தாளில் இருந்துவிட்டால் சாமி என்ன நினைக்கும்! மண்டப வாசல்வரை மாப்பிள்ளையை ஊதிக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, படியேறாமல் நின்றுவிடுகிறவர்கள் அவர்கள். கடைசிப் பந்தியும் முடிந்து, பந்தி விசாரிக்கிறவருக்கு ஞாபகம் வந்தால், பின்பக்கம் கூப்பிட்டு இலை போடுவார்கள். “பேண்டு ஆளுக சாப்டாச்சா?” என்று கேட்பதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கருப்பையா சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடல் தாண்டி வந்து இவ்வளவு வருஷம் ஆகியும் இதை எழுதும்போது எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

3

இதில் ஒரு வேடிக்கை. இந்த நாட்டில் என் அப்பா பேர் இல்லாத இடமே கிடையாது.

நமக்கு ஏது குடும்பப் பேர்? பள்ளிக்கூடத்தில் நான் க. செல்வி. பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். விமானத்தை விட்டு இறங்கியதும் மிசஸ் கருப்பையா ஆகிவிட்டேன். விசா அலுவலகத்தில், “மிஸ்டர் கருப்பையா எங்கே?” என்று கேட்டார்கள். அப்பா ஊரில் இருக்கிறார் என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் முருகேசனைக் காட்டி, “அப்படியானால் இவர் யார்?” என்றார்கள். புருஷனைப் புருஷன்தான் என்று நிரூபிக்க நான் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கதை. கல்யாணப் பத்திரிகையிலிருந்து தாலி கட்டும் போட்டோவரை எல்லாம் காட்டியாகிவிட்டது. கடைசியில் கவுண்டரில் இருந்த அம்மாள் பரிதாபப்பட்டு முத்திரை குத்தினார்.

அன்றிலிருந்து என் சட்டையில் குத்தும் பேர்ப் பட்டையில் கருப்பையா. கரண்டு பில்லில் கருப்பையா. குப்பை அள்ளுகிறவர்கள் அனுப்பும் கடிதத்திலும் கருப்பையா. படிக்கத் தெரியாமல் ‘காருபாயா’ என்பார்கள். என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும், ஒரு தாளிலாவது விட்டார்களா? ஆனால் மதிக்கு அவள் அப்பா பேர். மதி முருகேசன். கருப்பையாவின் பேத்தி என்று காட்ட அவள் பேரில் ஓர் எழுத்துக்கூட இல்லை. நம் வழக்கம் அப்படி, ஒரு தலைமுறைதான் பேர் தாங்கும்.

4

அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் மூன்று வாரம். ‘எந்த இசையானாலும் வரலாம்’ என்பது விளம்பரம். ஃபிடில் வாசிக்கும் கிராமத்துப் பிள்ளைகள், ராக் கிட்டார் அடிக்கிற பெண், ஜாஸ் சாக்ஸஃபோன் ஊதுகிறவன், நோட்டுப் பார்த்து மட்டுமே செல்லோ வாசிக்கத் தெரிந்த டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து ஒரே ஆர்க்கெஸ்ட்ரா ஆக்குவார்கள். அதில் ஒரு விதி. ஒவ்வொரு வகை இசைக்காரரும் தங்கள் வீட்டுப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தாள் கூடாது, காதால்தான் வாங்க வேண்டும். நல்ல விதிதான். அந்த விதிக்காகவே பணம் கட்டினேன்.

மதியும் கிளாரினெட்தான். தாத்தாவைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எடுத்தது போக மிச்சமிருந்த வாத்தியம் அது. வெளியிடத்தில் என்னோடு தமிழில் பேசக் கூச்சப்படுகிறவள். தோழிகள் கூட இருந்தால் காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்கிறவள். அப்படிப்பட்டவள், தாத்தாவின் பேண்டுப் பாட்டைத்தான் கொண்டுபோகப் போகிறேன் என்று சொன்னபோது நான் சமையலை விட்டுவிட்டு வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

பயிற்சியை நடத்துகிறவர் ஓர்லா. நல்ல பெண்மணி. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபம். மதி போனில் இருந்த பேண்டு வீடியோவைக் காட்டியதும் அவர், “இது எங்கள் ஊர் பேண்டு மாதிரியே இருக்கிறதே. உங்களுடையதாக ஏதாவது இல்லையா? பழைய ராகம் ஏதாவது?” என்று கேட்டிருக்கிறார்.

மார்ச் மாதத்தில் இவர்களுடைய திருநாளுக்கு இந்த ஊர்த் தெருக்களில் இதே டிரம்பெட்டும் டிரம்முமாக பேண்டு போகும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுவார்கள். இவர்கள் தெருவில் ஊதினால் அது பாரம்பரியம். என் அப்பா தெருவில் ஊதினால் அது இவர்களைப் பார்த்து அடித்த காப்பி. நம் ஊரில் கேட்டாலும் இது நம்ம சங்கீதமே இல்லை என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சொன்னது அதைவிட மோசம்.

“டீச்சரம்மா சொல்றதும் சரிதானே ஆத்தா. கீர்த்தனை கீர்த்தனையா எதாச்சும் வாசிக்கச் சொல்லு. வெளிநாட்டுல போயி பேண்டுப் பாட்டை வாசிச்சுக்கிட்டு... பிள்ளைக்குக் கவுரவமா இருக்க வேணாமா?”

“அப்ப நீங்க வாசிக்கிறது கவுரவம் இல்லையாப்பா?”

“அது வயித்துப் பொழப்பு ஆத்தா. அத எதுக்கு அங்கிட்டுக் கொண்டு போற?”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தேன். ஓர்லா மேல் வந்த கோபம் ஒரு மடங்கு என்றால் அப்பா மேல் வந்தது பத்து மடங்கு. பிறகு யோசித்தால், அப்படிச் சொல்ல அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் வந்தது. நூறு விசேஷத்தில் வாசலோடு நிறுத்தினால் யாருக்குத்தான் தன் வாத்தியத்தின் மேல் மரியாதை இருக்கும்?

மதி பாட்டை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நல்ல ட்யூன் அம்மா அது. அவ்ளோதான்” என்றாள்.

5

அந்த வீடியோ போன வருஷம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்தது. பொன்னமராவதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கூட்டத்தோடு நடந்தபடி மதி போனில் பிடித்தாள். அதைப் பார்த்துத்தான் தானாகக் கற்றுக்கொண்டு, இங்கே அத்தனை பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நான் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டேன். கூடத்துக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். என் அப்பாவின் பாட்டு, ஃபிடிலிலும் செல்லோவிலும் கிட்டாரிலும். என் கணக்குப் பாடத்தைக் கெடுத்த அதே பாட்டு. அப்போது பாதியில் சட்டென்று எல்லாம் நின்றது. டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே போய், பிறகு எல்லாரும் ஒரே மூச்சில் மறுபடி ஏறினார்கள். விட்ட இடத்தில் ஏறவில்லை. நிற்காமல் வாசித்திருந்தால் பாட்டு இந்நேரம் எங்கே போயிருக்குமோ அங்கே ஏறினார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நம் பக்கத்தில் ஊர்வலம் ஆஸ்பத்திரியைக் கடந்தால் பேண்டை நிறுத்திவிடுவார்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைக் கடந்தாலும் அப்படித்தான். ஊர்வலம் மட்டும் நிற்காது. நடைக்குத் தாளம் தவறாமல் இருக்க டிரம்காரர் விளிம்பில் மட்டும் தட்டிக்கொண்டே போவார். மற்றவர்கள் பாட்டை மனசுக்குள் ஊதிக்கொண்டு நடப்பார்கள். கட்டடம் தாண்டியதும், மனசுக்குள் எங்கே வந்திருக்கிறார்களோ அங்கே வாய் வைப்பார்கள். இதில் ஒருவர் பிசகினாலும் அன்றைக்கு அப்பாவிடம் திட்டு நிச்சயம். மதி பிடித்த வீடியோவில் இருப்பது அரசு ஆஸ்பத்திரி வாசல். என் மகள் ஆஸ்பத்திரியையும் பாட்டு என்று நினைத்து மனப்பாடம் செய்து, லிமரிக் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

காரில் இதைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப அந்த சைலன்ஸ் பாட்டுல இல்லையா?”

“இல்லடி. அது ஆஸ்பத்திரி.”

“ஓ காட். அப்ப அங்க என்ன வரும்?”

எனக்குக் காதில் இருந்தது, பாடிக்காட்ட வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டோம். அவர் விஷயத்தைக் கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்த எடந்தான் தாயி பாட்டுக்கே உசுரு. அத விட்டுப்புட்டு வாசிச்சா எப்புடி?” என்று சொல்லி, பெட்டியிலிருந்து கிளாரினெட்டை எடுத்து அந்த இடத்தை மட்டும் ஊதிக்காட்டினார். சந்தோஷமாக மேலே ஏறி, அழப்போகிற மாதிரி கீழே இறங்கி, கடைசியில் நம்மைக் கேலி செய்துவிட்டுப் போகிற இடம். மதி இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அவளே வாசித்தாள். போனின் அந்தப் பக்கம் அப்பா மூக்கை உறிஞ்சினார். சளியாம்.

6

மறுநாள் மதி போய் ஓர்லாவிடம், நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், இங்கே இதுதான் வர வேண்டும் என்று வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஓர்லா ஒப்பவில்லை.

“அந்த மௌனம்தான் இந்தப் பாட்டின் அழகு. என்னவோ ஓர் ஆழ்ந்த இந்தியத் தன்மை அதில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம்” என்றாராம்.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற ஆழ்ந்த இந்தியத் தன்மை எனக்குத் தெரியும். அங்கேதான் நான் நர்சிங் முடித்துவிட்டு முதல் வேலை பார்த்தேன்.

நான் முதலில் சொன்ன தாள் ஒட்டப்பட்டது அன்று மாலைதான். மௌனத்தையும் எடுக்கவில்லை, பேரையும் போடவில்லை. அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு, மதியையும் கூட்டிக்கொண்டு ஓர்லாவைப் பார்க்கக் கிளம்பினேன். வீட்டுக்காரர் குறுக்கே நின்றார்.

“விடு செல்வி. பிள்ளை வாசிக்கிறதே பெருசு. ஒரு பேருக்காகப் போயி மல்லுக்கு நிக்கணுமா?”

“ஒங்களுக்கு என்னங்க. ஒங்க பேருதான் பிள்ளை பேரோடவே ஒட்டிக்கிட்டு இருக்கே” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் பாதியில் கைவிட்டுவிடும். அப்பா இறந்துபோகவில்லை என்று சொல்ல நினைத்து, நம் ஊர் வழக்கப்படி, “என் அப்பா லேட் இல்லை” என்றேன். ஓர்லா கடிகாரத்தைப் பார்த்தார். “அவர் வருகிறாரா? மிக்க மகிழ்ச்சி” என்றார். மதி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

விஷயத்தைப் புரியவைத்த பிறகு ஓர்லா ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். “எழுதிய நோட்டு ஏதாவது இருக்கிறதா? எங்கேயாவது பதிவு செய்திருக்கிறாரா? எதுவும் இல்லாமல் ஒருவர் பேரைப் போட்டால் நாளைக்கு இன்னொருவர் வந்து நான்தான் என்பார். அதனால்தான் பாரம்பரியம் என்று போடுகிறோம். அது மரியாதைதான்.”

காதால்தான் வாங்க வேண்டும், தாள் கூடாது என்று விதி வைத்தவரும் இவர்தான். இப்போது தாள் கேட்கிறவரும் இவர்தான். அதற்குமேல் என்னால் இங்கிலீஷில் பேச முடியவில்லை. தமிழிலேயே கத்தினேன்.

“பாரம்பரியம்னு போட்டா யாரு வேணும்னாலும் வெட்டலாம், ஒட்டலாம், மௌனம் வைக்கலாம். ஆளு இருந்தா ஆளைக் கேக்கணும். கேக்க வேணாம்னுதானே ஆளே இல்லைன்னு போட்டுருக்கீங்க? எங்க ஊருலயும் இதைத்தான் பண்ணுறாங்க. அங்க சாதியைச் சொல்லி, இங்க மரியாதையைச் சொல்லி. அதுதான் வித்தியாசம்!”

ஓர்லா மதியைப் பார்த்தார். தோழிகள் முன்னால் நான் மூச்சுவிட்டாலே வெட்கப்படுகிற பிள்ளை, எழுந்து நின்று, ஒரு சொல்லைக்கூட விடாமல் அதை இங்கிலீஷில் சொன்னாள். சாதி என்ற சொல்லையும் விடவில்லை. அதற்கு விளக்கமும் கொடுத்தாள், பந்தியைப் பற்றி. நான் அதையெல்லாம் அவளிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் அவளாக ஒன்று சேர்த்துக்கொண்டாள். “தாத்தா பேர் இல்லையென்றால் பாட்டை எடுத்துவிடுங்கள். நான்தான் கொண்டுவந்தேன், நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.”

ஓர்லா சிவந்துபோனார். வெளியே எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசையிலிருந்து பேனாவை எடுத்து, “எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்” என்றார். பிறகு, “அவரிடமே நான் கேட்கலாமா?” என்றார்.

அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டோம். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். “ஏம் பேரெல்லாம் எதுக்கு ஆத்தா? நம்மூர்ல தெரிஞ்சா சிரிப்பாக.”

“சிரிக்கட்டும்ப்பா.”

அப்பா, “அப்புடிப் போடுறதுன்னா காளிமுத்து பேரையும் போடச் சொல்லு. அந்தப் பாட்டுக்கு டிரம் அடி அவன் கட்டுனது. அவன விட்டுப்புட்டு நான் மட்டும் எப்புடி?” என்றார். காளிமுத்து அப்பாவின் செட்டில் சைடு டிரம்காரர், எனக்குச் சித்தப்பா முறை.

மௌனம் வேண்டுமா வேண்டாமா என்றும் ஓர்லா கேட்கச் சொன்னார். அப்பா யோசித்துவிட்டு, “அங்க பக்கத்துல ஆஸ்பத்திரி எதுவும் இருக்கா?” என்றார்.

“இல்லப்பா.”

“அப்ப நல்லா ஊதச் சொல்லு.”

7

நிறைவு நாள் நிகழ்ச்சி பிற்பகலில் நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் காளிமுத்துச் சித்தப்பா வீட்டில் அப்பாவும் அவரும் ஒரே போனில் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் புதிய தாளைக் காட்டினேன். சித்தப்பாவின் மருமகள் காலேஜ் படித்தவள். அவள் படித்தாள். “இயற்றியவர்கள், கருப்பையா, காளிமுத்து, புதுக்கோட்டை மாவட்டம்.” அப்பா, “இன்னொருக்காப் படி தாயி” என்றார். அவள் படித்தாள். சித்தப்பா, “ஏம் பேரை மட்டும் ஒருக்காப் படி” என்றார்.

பிள்ளைகள் வாசித்தார்கள். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் மதி எழுந்து தனியாக ஏற, மற்றவர்கள் அவள் பின்னால் ஏறினார்கள். நான் அழுதேன். அதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் குனிந்து, “எவ்வளவு பழமையான இசை!” என்றபோது, அந்த அழுகையிலும் எனக்குக் கோபம் வந்தது. “இருபத்தைந்து வருஷம்கூட ஆகவில்லை ஐயா. என் கணக்குப் பரீட்சைதான் அதற்குச் சாட்சி” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

8

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள், உங்களிடம் ஊர்ச் சங்கதியை மறைத்துப் பயனில்லை.

என் வீட்டுக்காரர் பெருமை தாங்காமல் மதி வாசிக்கிற படத்தை ஸ்டேட்டஸில் வைத்தார். ஆவணியில் எங்கள் ஊர் அம்மன் திருவிழா. ஒரே வாரத்தில் ஊர் முக்கில் பேனர் நின்றது. நடுவில் என் மகள், கையில் கிளாரினெட்டோடு. ‘அயர்லாந்து மண்ணில் நம் மண்ணின் இசை முழங்கிய மதி முருகேசனை வாழ்த்தி மகிழ்கிறோம்.’ சுற்றிலும் கமிட்டிக்காரர்கள் முகம், வட்ட வட்டமாக, கைகூப்பியபடி. மோர் உபயதாரர் முகம்கூட இருந்தது. அந்தக் கிளாரினெட்டில் வந்த பாட்டைக் கட்டியவர் முகம் மட்டும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து ஒரு முகமும் இல்லை. மதியை எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்டால் சொல்ல வேண்டாமல் இருக்க, அயர்லாந்துப் பிள்ளை என்று ஆக்கிவிட்டார்கள்.

பிறகு வழக்கம்போல வெற்றிலை பாக்கும் நோட்டீஸும் எடுத்துக்கொண்டு, சாமி புறப்பாட்டுக்குப் பேண்டு பேச அப்பாவிடம் வந்திருக்கிறார்கள். அப்பா நோட்டீஸை வாங்கி, மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்திருக்கிறார்.

“எங்க ரெண்டு பேரு பேரு எங்கப்பா?” என்று கேட்டாராம்.

வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். “ஒங்க பேத்தி படத்தையே பெருசாப் போட்டாச்சுல்ல. இன்னும் என்ன வேணுமாம்?”

அப்பா வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் திருப்பிக் கொடுத்த முதல் தட்டு. உடனே என் பெரியப்பா மகன் எனக்குப் போன் போட்டுக் கத்தினான். “ஒங்கப்பாவுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சுருக்கா? அங்க ஒக்காந்துக்கிட்டு நீதான் ஏத்திவிடுறியா? நாங்க இங்கிட்டு அவங்க முகத்துல முழிக்க வேணாமா?” நான் ஏற்றிவிடவில்லை. ஏற்றிவிட்டிருந்தாலும் வெட்கப்பட மாட்டேன். இனி அந்த ஊர் விசேஷம் ஒன்றுக்கும் அப்பாவைக் கூப்பிட மாட்டார்கள் என்றும் அவன் சொன்னான். இருக்கலாம். வெளியூரிலிருந்து வேறொரு செட்டைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் கேள்வி. அந்தச் செட்டிலும் யாருக்கும் பேர் இருக்காது.

இரண்டாம் தடவை கமிட்டியிலிருந்து ஒருவர் தனியாக வந்ததைக் காளிமுத்துச் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார். பணிவாகத்தான் பேசினாராம். நோட்டீஸ் அடிச்சாச்சு, இனிமே மாத்த முடியாது, அடுத்த வருஷம் பாப்போம், சாமி காரியம், நீங்க ஊதலைன்னா எப்புடி என்றிருக்கிறார். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம்.

“நோட்டீசுல யாரு யாரு பேரு இருக்கோ, அவங்கள ஊதச் சொல்லுங்க” என்றாராம்.